சரி சொல்ல ஓர் ஆள்

மணமகளின் தாயாராக வேடம் போட்டு என் சிநேகிதி வகுப்புக்குள் நுழையும்போது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியாது. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, என் கைப்பையைப் பறித்துத் தன் முழங்கையில் கொழுவி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அவள் வருவாள். மேசைகளைச் சுற்றி நின்று பிள்ளைகள் மட்டையாலும் பசையாலும் ஒரு கலியாண மண்டபம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

"உதென்ன தம்பி? மணவறையோ, கோழிக்கூடோ?"

"மணவறை, மிஸ்."

"மிஸ் ஆர்? நான் பொம்பிளையின்ரை தாய். என்ரை பிள்ளையை உதுக்குள்ளை குந்த வைச்சா மாப்பிள்ளை பகுதி சிரிக்காதே?"

அவள் போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. அந்தக் கைப்பையைத்தான் இன்றைக்கும் கொண்டு திரிகிறேன். வார் அறுந்து, தைத்து, மறுபடி அறுந்து, மறுபடி தைத்தாயிற்று. புதிது வாங்க மனம் வரவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாண நகரில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கணினிக் கல்வி நிலையத்தில் படிப்பித்தோம். அவள் உடுவிலில் ஒரு வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். நான் உடுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வருகிறவள். பல்கலைக்கழகத்தில் ஒரே பிரிவில் படித்தோம், ஒரே அறையில் இருந்தோம், ஒரே நேரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். என் கலியாணத்துக்கு அவள்தான் தோழி. அவள் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நல்ல மாப்பிள்ளையளை எல்லாம் கனடாவுக்கு ஏற்றுமதி செய்துபோட்டு என்னட்டை வந்து கேக்கிறியளே?" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் பிறகு அந்தப் பக்கம் வருவதில்லை.

மென்பொருள் செய்கிற வேலையில் அஜைல் என்று ஒரு முறை இருக்கிறது. பெரிய வேலையை ஒரே மூச்சில் செய்து கடைசியில் கொண்டுபோய்க் காட்டாமல், துண்டு துண்டாகச் செய்வது. ஒவ்வொரு துண்டையும் வாடிக்கையாளருக்குக் காட்டி, அவர் மனம் மாறினால் தாங்களும் மாறுவது. மேலே ஒருவர் கட்டளையிடுவார் என்று பார்த்திராமல், குழுவாகக் கூடித் தாங்களே தீர்மானிப்பது. அவ்வளவுதான். இதை நான் முதல் தவணை முழுவதும் திரையில் படம் போட்டுப் படிப்பித்தேன். பிள்ளைகள் ஒரு எழுத்து விடாமல் கொப்பியில் இறக்கினார்கள். பரீட்சை நாளில், 'குழு யாருடைய அனுமதிக்கும் காத்திராது' என்று வடிவாக எழுதிவிட்டு ஒரு பிள்ளை எழும்பி வந்து, "மிஸ், இதுக்குக் கீழை கோடு போடலாமோ?" என்று கேட்டது. விடிய விடிய ராமர் கதை என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் ஆசிரியர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவள் வடையைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

"நீச்சலை ஆரும் கொப்பியிலை எழுதிப் பழகுவினமே? விளையாட விடு," என்றாள்.

வெளிநாடுகளில் இதைப் பிளாஸ்ரிக் கட்டைகளால் நகரம் கட்டும் விளையாட்டாகப் படிப்பிப்பார்களாம். எங்களுக்குக் கட்டைகளும் இல்லை, அவளுக்கு நகரத்தில் விருப்பமும் இல்லை. "எங்கடை பிள்ளையளுக்கு நகரம் என்னத்துக்கு? கலியாண வீடு எண்டால் தெரியும். ஆர் மனம் மாறுவினம், ஆர் கோவிப்பினம், எது கடைசி நேரத்திலை குழம்பும், எல்லாம் தெரியும்." அப்படித்தான் எங்கள் கலியாண வீட்டு விளையாட்டு பிறந்தது. புடைவைக் கடைக்காரரிடம் சேலைப் பெட்டி மட்டைகளை வாங்கி வந்தோம். பிள்ளைகள் குழு குழுவாகப் பிரிந்து, வேலைகளை ஒட்டுத்தாள்களில் எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டு, மண்டபம், மணவறை, பந்தி, வாசல் வாழை எல்லாம் செய்யவேண்டும். ஒரு சின்னச் சுற்று முடிய மணி அடிக்கும். வாடிக்கையாளர் வருவார். காட்டவேண்டும். மணமகளின் தாயார் ஒவ்வொரு தடவையும் ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார். தாலி கட்டும் நேரம் மாறிவிட்டது. மாப்பிள்ளை பகுதி சுத்த சைவமாம். லண்டனிலிருந்து பெரியண்ணை வருகிறார், அவருக்கு முழங்கால் ஏலாது, படி இருக்கக்கூடாது.

விளையாட்டுக்கு ஒரே ஒரு பெரிய விதி. எப்படிச் செய்வது என்பதைக் குழு தானே தீர்மானிக்கவேண்டும். செய்து முடிந்ததற்குச் 'சரி' என்று சொல்ல வேண்டியவர் வாடிக்கையாளர் மட்டும்.

பிள்ளைகள் சிரித்தார்கள், குதித்தார்கள், மட்டையை வெட்டிக் குவித்தார்கள். ஆனால் காரியம் நடக்கவில்லை. மணி அடித்ததும் செய்ததைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அரைகுறையைக் காட்டினால் மரியாதை இல்லையாம். சின்ன வயதிலிருந்து பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடும் என்று விடைத்தாளைக் கையால் மறைத்து எழுதிப் பழகிய பிள்ளைகள், பாவம், வேறு என்ன செய்வார்கள்? அந்த வகுப்பில் எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வரும் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வாழையை எந்தப் பக்கம் நடுவது என்பதற்கும் மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் எங்கள் முகத்தைப் பார்ப்பாள். "சரியோ மிஸ்?" பசை பூச முதலும் கேட்பாள், பூசிய பிறகும் கேட்பாள்.

ஒருநாள் சிநேகிதி வேண்டுமென்றே சுற்றின் நடுவில் என்னையும் இழுத்துக்கொண்டு வகுப்பைவிட்டு வெளியே போனாள். கீழே கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாகத் திரும்பி வந்தோம். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு கதிரைகளில் இருந்தார்கள். மட்டையில் ஒரு வெட்டுக்கூட இல்லை.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று சிநேகிதி கேட்டாள்.

முதலாவதாக வரும் பிள்ளை எழும்பி நின்று, "நீங்கள் இல்லை எண்டுதான் மிஸ்," என்றாள். அதை மரியாதையாகத்தான் சொன்னாள். அது மரியாதைதான் என்பதுதான் வில்லங்கம். திட்டவும் ஏலாது.

சிநேகிதி பிறகு ஒரு சட்டம் கொண்டுவந்தாள். "சரியோ?" என்று கேட்கிற ஆள் அந்தச் சுற்று முழுவதும் மூலையில் இருக்கும் கதிரையில் வாய் திறவாமல் இருக்கவேண்டும். அதற்கு மாமியார் கதிரை என்று பெயர் வைத்தாள். அந்தக் கதிரை காலியாக இருந்த சுற்றே இல்லை.

"முதல்லை உன்னைத்தான் அதிலை இருத்தவேணும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் கோபித்தேன். ஆனால் உண்மை அதுதான். நாளைக்கு எந்தப் பாடம் எடுக்கட்டும், இந்தச் சேலை சரியோ, மகனை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடட்டும், மாமிக்கு என்ன மறுமொழி சொல்லட்டும், எல்லாவற்றுக்கும் நான் அவளைத்தான் கேட்பேன். "எடி, நான் என்ன உனக்கு அதிபரோ?" என்பாள். சொல்லிவிட்டு ஒரு மறுமொழியும் தருவாள். அது சரியாகவும் இருக்கும்.

அவளுக்கு மார்பில் வந்த புற்று வருத்தம் ஒருதரம் மாறி, இந்த வகுப்புத் தொடங்கிய பிறகு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் அதைச் சொன்ன அன்றைக்கே நேரே வகுப்புக்கு வந்தாள். நான் படிக்கட்டில் வைத்து அழுதேன். அவள் என் கைப்பையை வாங்கி முழங்கையில் கொழுவிக்கொண்டு, "விசரி, கண்ணைத் துடை. உள்ளுக்குப் பொம்பிளைக்குத் தாய் இல்லாமல் நிக்கினம்," என்றாள். அன்றைக்கு அவள் பகிடிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த கிழமை வகுப்பில் பாதிப் பேர் இல்லை. எங்கள் மாணவன் ஒருவனுடைய தகப்பன் அச்சுவேலியில் திடீரென்று செத்துப்போனார். சந்தைக்கு மரக்கறி கொண்டுபோன மனுசன், வீடு திரும்பவில்லை. போனவர்கள் மூன்றாம் நாள் தூங்கிவழிந்துகொண்டு வந்தார்கள். சிநேகிதி அவர்களை இருத்தி வைத்துக் கேட்டாள். பந்தல் போட்டது ஆர்? நாங்கள்தான் மிஸ். தேத்தண்ணி? நாங்கள்தான். ஆக்களுக்கு அறிவித்தது, கதிரை கொண்டுவந்தது, விறகு? எல்லாம் நாங்களும் அயலும்.

"ஆர் பொறுப்பா நிண்டது?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஒருத்தருமில்லை மிஸ்."

"அப்ப ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?"

ஒருவன் தலையைச் சொறிந்தான். "செத்த வீடெல்லே மிஸ். செத்த வீட்டிலை ஆரைப் போய்க் கேக்கிறது?"

அவள் மணமகளின் தாயாராக நடிக்கிறபோது வராத ஒரு முகம் அப்போது அவளுக்கு வந்தது. ஆசிரியர் அறைக்கு வந்ததும் என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"பாத்தியே? கலியாண வீட்டிலை கேக்காமல் செய்தா கோவம். செத்த வீட்டிலை கேட்டுக்கொண்டு நிண்டாக் கோவம். நாங்கள் பிள்ளையளுக்குப் பிழையான வீட்டைக் குடுத்திட்டமடி."

"அதுக்கு?"

"அடுத்த விளையாட்டு செத்த வீடு."

"வாயை அலம்பு," என்றேன். "நீ இருக்கிற நிலைமையிலை உது என்ன கதை?"

"நான் இருக்கிற நிலைமையிலைதான் இந்தக் கதை."

நிலையத்தை நடத்துகிறவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். அவள் கேட்டதும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "பிள்ளையளை வைச்சுச் செத்த வீடு விளையாடினனீங்கள் எண்டு பெற்றார் வந்தா நான் எங்கை போய் ஒளிக்கிறது, ரீச்சர்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை." அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. எனக்கு உள்ளூர ஆறுதலாகவும் இருந்தது. மட்டையில் ஒரு சவப்பெட்டி செய்து அதைச் சுற்றி அவள் நடந்து, "உதென்ன பெட்டியோ, பலகாரத் தட்டோ?" என்று கேட்பதைக் காண எனக்குத் தெம்பு இல்லை.

அன்றைக்குப் பஸ் நிலையம்வரை நடந்து வந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள்.

"எனக்கு ஒரு ஆசைதான் இருக்கு," என்றாள். "இந்தப் பிள்ளையள் என்னட்டையும் கேக்காமல், உன்னட்டையும் கேக்காமல், ஒரு வேலையைத் தொடக்கி முடிக்கிறதை ஒருக்காப் பாத்திட வேணும். தவணை முடிவிலை செய்து காட்டுற நாள் இருக்கெல்லே, அதுமட்டும் நான் இருந்தாப் போதும்."

"இருப்பாய். ஏன் இருக்கமாட்டாய்?"

"உன்னை நான் கேக்கேல்லை, சொல்லுறன்."

அதன் பிறகு என்னைத் தயார்படுத்தத் தொடங்கினாள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை ஒருவருக்கும் தெரியாத வேலைக்குச் சமம் என்பது அவள் படிப்பித்த பாடங்களில் ஒன்று. வாடிக்கையாளர் வேடம் இனி எனக்கு. நான் மாட்டேன் என்றேன். எனக்கு நடிப்பு வராது, குரல் வராது, முதுகு நாரி நோகிறது, சேலை வழுக்குகிறது என்று இல்லாத நொட்டை எல்லாம் சொன்னேன். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்று சொல்லி என்னை உள்ளே தள்ளிவிட்டாள்.

மனம் மாறுகிற பகுதியைப் பழகிவிட்டேன். எங்கள் மாமியை நினைத்துக்கொண்டால் அது தானாக வந்தது. எனக்கு வராதது கடைசிச் சொல். பிள்ளைகள் மண்டபத்தைக் காட்டிவிட்டு நிற்பார்கள். நான், "வடிவாத்தான் இருக்கு... என்னெண்டால்... நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று இழுப்பேன். பின்வரிசையில் இருந்த சிநேகிதி தலையில் கையை வைத்துக்கொள்வாள். நான் இழுக்க இழுக்கப் பிள்ளைகள் வாழையைப் பிடுங்கி மற்றப் பக்கம் நடுவார்கள், பிறகு பழைய பக்கம் நடுவார்கள்.

"நீ 'சரி' எண்டு சொல்லாட்டி அதுகளின்ரை வேலை முடியாதடி," என்றாள் வகுப்பு முடிந்ததும். "செய்யிறவை கேக்காமல் செய்யவேணும். ஆனா கடைசியிலை ஓராள் நிண்டு, சரி, போதும் எண்டு சொல்லவேணும். அது பிழைச்சா அந்தாளின்ரை தலையிலைதான். அதுக்குத்தான் நீ பயப்பிடுறாய்."

"ஓம், பயம்தான். இப்ப என்ன?"

"ஒண்டுமில்லை. பயந்துகொண்டு சொல்லு."

கடைசி மாதத்தில் அவளால் மாடி ஏற முடியவில்லை. பின்னேரங்களில் நான் உடுவிலுக்குப் போவேன். மருந்தினால் வாய்க்குள் புண், கதைத்தால் எரியும். தாயார் ஆறவைத்த கஞ்சியைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருப்பார். தகப்பன் எப்போதோ போய்விட்டார்; கூடப்பிறந்தது ஒரே அண்ணை, கனடாவில். நான் கட்டிலுக்கு முன்னால் நின்று கைப்பையைக் கொழுவிக்கொண்டு மணமகளின் தாயாராகச் 'சரி' என்பேன். அவள் கையை அசைப்பாள், இல்லை, திருப்பிச் சொல்லு. நான் திருப்பிச் சொல்வேன். ஒருநாள் விரலால் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, எரிவைப் பொறுத்துக்கொண்டு, "தொண்டையிலை இல்லை. இஞ்சையிருந்து சொல்லு," என்றாள். தாயார் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டில் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

பிள்ளைகள் செய்து காட்டுகிற நாளுக்கு அவள் இருக்கவில்லை. அதற்கு முதல் கிழமையே முடிந்துவிட்டது. விடியப்புறம் தாயார் எனக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை, வா," என்று மட்டும் சொன்னார். நான் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து யாரும் பார்க்கிறார்களா என்று கவலைப்படாமல் அழுதேன். நடத்துநர் காசு வாங்காமல் போய்விட்டார்.

உடுவிலில் இறங்கி அவள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குத் திரும்பும்போது எனக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. தாயார் தனி மனுசி. பந்தல் ஆர் போடுவது? போதகருக்கு ஆர் சொல்வது? வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி? நான் சைவக்காரி; அவர்களுடைய ஒழுங்கு எனக்குத் தெரியாது. ஆரைக் கேட்பது என்று நினைத்தேன். கேட்க இருந்தவள் அவள்தான். அந்த நினைப்பு வந்ததும் ஒழுங்கையில் அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டு வாசலில் தகரப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. மேலே ஏறி நின்று கட்டிக்கொண்டிருந்தவன் தகப்பனை இழந்த அந்த அச்சுவேலிப் பிள்ளை. கீழே நின்று தகரம் எடுத்துக் கொடுத்தவர்கள் எங்கள் வகுப்புப் பெடியங்கள். அயலில் இருந்த மாணவி ஒருத்தி விடியவே எல்லோருக்கும் தகவல் சொல்லியிருந்தாள். சந்தியில் ஒருவன் நின்று வருகிற வாகனங்களைத் தேவாலய வளவுக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பெண்பிள்ளைகள் பின்வளவில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒருத்தி தேவாலயப் பாட்டுகளைப் பெரிய எழுத்தில் பிரதி எடுத்துக்கொண்டு வந்து கதிரைகளில் வைத்துக்கொண்டு போனாள். அவள் நெற்றியில் திருநீறு. பலகையும் இல்லை, ஒட்டுத்தாளும் இல்லை, மணியும் இல்லை. என்னைக் கண்டார்கள். ஒருவரும் வேலையை நிறுத்தவில்லை. "மிஸ், உள்ளுக்குப் போங்கோ," என்று மட்டும் ஒருத்தி சொன்னாள்.

முதல் கேத்தல் தேத்தண்ணியைக் குடித்த கிழவர் ஒருவர், "ஆரடா இது, பாணி காய்ச்சினது?" என்று சத்தம் போட்டார். முந்தி என்றால் இந்தப் பிள்ளைகள் சுருண்டு போயிருப்பார்கள். அடுப்படியில் நின்றவள் எட்டிப் பார்த்து, "அடுத்ததிலை சீனியைக் குறைக்கிறன் ஐயா," என்றாள். குறைத்தாள்.

கனடாவிலிருந்து அண்ணை வருவதாகச் சொன்னதால் அடக்கத்தை ஒரு நாள் தள்ளி வைத்திருந்தார்கள். அறிவித்தலும் அச்சடித்துச் சந்திகளில் கட்டியாயிற்று. மத்தியானம் அவர் தாயாருடன் தொலைபேசியில் கதைத்தார். அங்கே பனிப்புயல், விமானம் எதுவும் பறக்கவில்லையாம், எப்போது பறக்கும் என்றும் தெரியாதாம். "எனக்காக வைச்சிருக்க வேண்டாம் அம்மா," என்று சொல்லிவிட்டுச் சத்தம் வைத்து அழுதார். தாயார் என்னிடம் திரும்பி, "இண்டைக்கே எடுப்பம் பிள்ளை. அவளை ஏன் காக்கவைக்கிறது," என்றார்.

அவரைத் தேற்றி இருத்திவிட்டு வர நேரம் பிடித்தது. பிறகு பதைபதைத்து வெளியே ஓடினேன். எல்லாம் குழம்பப் போகிறது, நேரம் மாறிவிட்டது, குழி வெட்டவேண்டும், போதகரைப் பிடிக்கவேண்டும், ஊருக்குச் சொல்லவேண்டும். முற்றத்தில் முதலாவதாக வரும் பிள்ளை நிலத்தில் குந்தியிருந்து கடுதாசித் துண்டுகளில் புதிய நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பசைப் பேணி. அதே பசை, வகுப்பில் இருந்து கொண்டுவந்தது.

"அடக்க நேரம்..." என்று தொடங்கினேன்.

"ஓம் மிஸ், கேட்டுக்கொண்டுதான் நிண்டனாங்கள். சவக்காலைக்குக் குழி வெட்ட ஆள் போட்டுது. போதகர் ஓமெண்டிட்டார். ஓட்டோவிலை அறிவிக்கப் போறதுக்கு ரெண்டு பேர் வெளிக்கிட்டாச்சு. இதை நோட்டீசுகளிலை ஒட்டவேணும், அவ்வளவுதான்."

தலை நிமிராமல் சொன்னாள். 'சரியோ' என்று கேட்கவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன், கேட்கவே இல்லை.

தாலி கட்டும் நேரம் மாறிவிட்டது என்று சிநேகிதி மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சொல்வது அப்படியே என் காதுக்குள் கேட்டது. ஓடிப்போய் அவளிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. எடியே, வந்து பார், ஒருத்தரும் கேக்கேல்லை, மாமியார் கதிரை காலியாக் கிடக்கு. அவ்வளவு சந்தோசமான செய்தி அது. நான் உண்மையாகவே உள்ளே திரும்பி விறுவிறென்று நடந்தேன். நடுக்கூடத்தில் பெட்டி இருந்தது. வெள்ளைச் சேலை உடுத்தி, கண்ணாடி இல்லாமல், வேறு யாரோ மாதிரி அவள் கிடந்தாள். அதைவிடக் கொடுமையை நான் என் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. அவள் பார்க்க ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அது நடக்கிறது, பதினைந்தடி தள்ளி முற்றத்தில் நடக்கிறது, அவளுக்குத் தெரியாது.

பின்னேரம் போதகர் வந்தார். செபம் செய்தார்கள், பாட்டுப் பாடினார்கள். எனக்கு ராகம் தெரியாது. எழுத்தைப் பார்த்து உதட்டை அசைத்தேன். ஒருவன் கைத்தொலைபேசியைக் கம்பில் கட்டிப் பிடித்து அண்ணைக்குக் காட்டிக்கொண்டு நின்றான். பாட்டு முடிந்தது. சனம் வரிசையாக வந்து முகம் பார்த்துவிட்டுப் போனது. சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் அதன் மூடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

அவர் முன்னுக்கு வந்து, தாழ்ந்த குரலில், எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"மூடலாமோ?"

செத்த வீட்டிலும் ஒரு கேள்வி இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரையில் அண்ணையின் முகம் அழுதபடி அசையாமல் நின்றுவிட்டது, தொடர்பு அறுந்திருந்தது. போதகர் தாயாரைப் பார்த்தார். தாயாரோ பெட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கதவடியில் எங்கள் பிள்ளைகள் முழுப் பேரும் வந்து நின்றார்கள். கையில் மண், பசை, கரி. விடியத் தொடக்கம் யாரையும் ஒன்றும் கேட்காமல் எல்லாம் செய்து முடித்த பிள்ளைகள், இப்போது அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் பழக்கதோசத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரீச்சர்," என்றார் மலர்ச்சாலைக்காரர், இன்னும் மெதுவாக. "மூடலாமோ?"

மாட்டேன் என்று கத்தவேண்டும் போல இருந்தது. இன்னும் கொஞ்சம் திருத்துங்கோ, வாழையை மற்றப் பக்கம் நடுங்கோ, நாளைக்கு வாங்கோ, இது சரியில்லை, இதிலை ஒண்டுமே சரியில்லை. தோளில் கைப்பை வழுக்கியது. அதை எடுத்து முழங்கையில் கொழுவிக்கொண்டேன். வயிற்றில் ஒரு கையை வைத்தேன்.

"ஓம்," என்றேன். "சரி. மூடுங்கோ."

அவர் மூடியைத் தூக்கினார்.